மருந்து வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால்

நம் ஊர்க் குழந்தைகள் வார்டில் ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் எழுப்பும் பெற்றோர் முன்னால் பெரும்பாலும் இரண்டு தாள்களே நீட்டப்படுகின்றன. என்ன சிகிச்சை அளித்தாலும் சம்மதம் என்று, சேர்க்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் படிவம் ஒன்று. மருத்துவரின் ஆலோசனையை மீறி அழைத்துப் போகிறோம், இனி நடப்பதற்கு நாங்களே பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கும் தாள் மற்றொன்று. ‘நம்பிக்கை இல்லேன்னா எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க’ என்ற பேச்சு வார்டுகளில் புதிதல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி வேண்டும். குழந்தை அதே கட்டிலில் இருக்க, மற்ற சிகிச்சைகள் நடந்துகொண்டிருக்க, ‘இந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்தி வைத்து எங்களுக்கு விளக்குங்கள், இன்னொரு மருத்துவர் வந்து பார்க்கட்டும்’ என்று கேட்கும் வழி. சில நாடுகளில் அப்படி ஒன்று உருவாகியிருக்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் விடாமல் கேட்டுப் பெற்றது அது. நம்மிடம் அது இல்லை.

இந்தச் சண்டையை அறிவுக்கும் அச்சத்துக்கும் இடையிலான சண்டையாகப் பார்ப்பதுதான் வழக்கம். மருத்துவருக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது, ஆகவே பெற்றோர் பயப்படுகிறார்கள் என்பது அந்தப் பார்வை. குழந்தை மருத்துவத்தின் கடந்த எழுபது, எண்பது ஆண்டு வரலாறு அவ்வளவு எளிமையாக இல்லை.

1949இல் குளோராம்பெனிக்கால் சந்தைக்கு வந்தபோது டைபாய்டுக்கு அதைப் போன்ற மருந்து உலகம் கண்டதில்லை. வாரக்கணக்கில் காய்ச்சலில் கிடந்து, பலர் மாண்டுபோன நோயை அது சில நாட்களில் அடக்கியது. மிக அரிதாக, பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு, எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடும் என்பது சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. கலிபோர்னியாவில் ஒரு மருத்துவரின் மகனே 1952இல் அப்படி இறந்தான். மகனுக்கு அந்த மருந்தைக் கொடுத்ததில் அந்தத் தந்தைக்கும் பங்கு இருந்தது. பிறகு அவர் நாட்டின் குறுக்கே காரில் பயணம் செய்து, வழியில் மருத்துவர்களைக் கண்டு இதைப் போன்ற மரணங்களை விசாரித்தபடி தலைநகருக்குப் போய் முறையிட்டார். அடுத்த அதிர்ச்சி 1959இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுப்பதற்காகவே இந்த மருந்தைக் கொடுத்துவந்தார்கள். மருந்து பெற்ற குழந்தைகளின் இறப்பு, பெறாதவர்களின் இறப்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பிறந்த குழந்தையின் கல்லீரலால் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்ற முடியவில்லை. மருந்து உடலில் தேங்கி, குழந்தை சாம்பல் நிறமாக வெளிறி, ரத்த ஓட்டம் சரிந்து இறந்தது. மருத்துவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. அன்றைய பாடநூல் சொன்னதைத்தான் செய்தார்கள்.

ஆஸ்பிரின் கதையும் இதே பாதையில் போகிறது. காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுப்பது பல தலைமுறைகளாக நடந்த காரியம். அம்மை, ஃபுளூ ஆகியவற்றுக்குப் பிறகு மூளையும் கல்லீரலும் தாக்கப்பட்டுக் குழந்தைகள் இறக்கும் நிலையை ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் ரே 1963இல் விவரித்தார். அதற்கும் ஆஸ்பிரினுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டி அமெரிக்க அரசு 1982இல் எச்சரித்தது. 1986இல் மருந்து டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சாயிற்று. 1980இல் அமெரிக்காவில் இந்த நோய் கண்டதாகப் பதிவான 555 பேர் என்ற எண்ணிக்கை, 1987க்குப் பின் எந்த ஆண்டிலும் 36ஐத் தாண்டவில்லை. டப்பாவைப் படித்த பெற்றோர்தான் பெருமளவில் இதைச் சாதித்தார்கள். நம் நாட்டில், குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தாராளமாக எழுதப்பட்ட நிமெசுலைடு 12 வயதுக்குட்பட்டோருக்குத் தடை செய்யப்பட்டது 2011இல்தான். ஃபின்லாந்தும் ஸ்பெயினும் கல்லீரல் பாதிப்பைக் காட்டி அதை நிறுத்தி வைத்தது 2002இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ‘இந்தக் காய்ச்சல் மருந்து வேண்டாமே’ என்று சொன்ன தாய் நம் மருத்துவமனைகளில் எப்படிப் பார்க்கப்பட்டிருப்பாள் என்று ஊகிப்பது கடினமல்ல.

பெற்றோர் சொன்னதெல்லாம் சரி என்பதற்கு இவை சான்றல்ல. பல மருந்துகள் குழந்தைகளிடம் முறையாகச் சோதிக்கப்படாமலேயே குழந்தைகளுக்குத் தரப்பட்டுவந்தன என்பதற்குச் சான்று. பெரியவர்களிடம் சோதித்து, எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுப்பதுதான் நெடுங்கால வழக்கம். மருந்துகளின் உலகில் குழந்தைகள் அநாதைகளாக விடப்பட்டிருக்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவர் ஹாரி ஷிர்கி 1960களிலேயே சொன்னார். குழந்தைகளிடமும் ஆய்வு செய்ய நிறுவனங்களைத் தூண்டும் சட்டங்கள் அமெரிக்காவில் 1997, 2002, 2003இலும் ஐரோப்பாவில் 2007இலும்தான் வந்தன. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென்று தனியாக அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளியிட்டதும் 2007இல்தான். ஆகவே ‘இது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தா?’ என்ற கேள்வி படிக்காதவரின் கேள்வி அல்ல. வார்டில் கேட்கக்கூடிய கேள்விகளில் மிகவும் படித்த கேள்வி அதுதான்.

ஆபத்து என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பெற்றோர் ஒன்றைக் கேட்க, மருத்துவர் இன்னொன்றுக்குப் பதில் சொல்வதால்தான் பாதிச் சண்டைகள் மூள்கின்றன.

முதலாவது, தெரிந்தே ஏற்கப்படும் ஆபத்து. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்குத் தரும் மருந்துகள் முடியைக் கொட்டவைக்கும், வாயைப் புண்ணாக்கும், வெள்ளணுக்களைக் குறைத்துச் சாதாரணத் தொற்றையும் உயிராபத்தாக்கும். இவற்றை மறைக்க வேண்டியதில்லை, மறைக்கவும் முடியாது. ஆனால் அந்த மருந்துகள் இல்லாமல் அநேகமாக எந்தக் குழந்தையும் பிழைக்காத நோயில், வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. இங்கே பெற்றோரின் தயக்கத்துக்கு மருத்துவர் தர வேண்டிய பதில், ஆபத்து இல்லை என்பதல்ல. ஆபத்து இன்னது, அதைவிட நோய் எவ்வளவு பெரியது, பக்கவிளைவு வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பதுதான். அந்தச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றான வின்கிறிஸ்டின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ‘ரசாயனம் வேண்டாம், பச்சிலை பார்க்கிறோம்’ என்று கிளம்பும் குடும்பத்திடம் இதைப் பொறுமையாகச் சொன்னால் பேச்சு வேறு திசையில் போகக்கூடும்.

இரண்டாவது, மருந்துக்குள் இல்லாமல் அந்தக் குறிப்பிட்ட குழந்தையின் உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து. பெற்றோரின் பேச்சுக்கு மருத்துவ மதிப்பு மிகுதியாக இருப்பது இங்கேதான். இங்கேதான் அது அதிகமாக ஒதுக்கவும்படுகிறது.

கோடீன் வலி நிவாரணி. உடலுக்குள் போனதும் ஒரு பகுதி மார்ஃபினாக மாறித்தான் அது வேலை செய்கிறது. சிலருடைய கல்லீரல் பரம்பரைக் காரணத்தால் இந்த மாற்றத்தை மிக வேகமாகச் செய்துவிடும். டான்சில் அறுவை முடிந்து, சரியான அளவில் கோடீன் வாங்கிய குழந்தைகள் சிலர் வீட்டில் தூக்கத்திலேயே மூச்சு அடங்கி இறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் எச்சரித்து, 2013இல் அந்த அறுவைக்குப் பின் கோடீன் கூடாது என்று அறிவித்து, 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு முற்றிலுமே கூடாது என்றது. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் பெரும்பாலோருக்கு நல்ல மருந்து. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடமும், சில வகைப் பரம்பரை வளர்சிதைக் கோளாறு உள்ளவர்களிடமும் கல்லீரலை அழிக்கும் வாய்ப்பு கூடுதல். ‘இவன் அண்ணனுக்கு இதே மருந்து கொடுத்தப்புறம்தான் மஞ்சள் காமாலை வந்துச்சு’ என்று ஒரு தாய் சொன்னால், அது அழுகையோடு வந்தாலும் தகவல்தான். கேஸ் ஷீட்டில் ஏற வேண்டிய தகவல்.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு ஜென்டாமைசின். பிறந்த குழந்தைகளின் தொற்றுக்கு உலகெங்கும் முதலில் கை போகும் மருந்துகளில் ஒன்று, மலிவானது, உயிர் காப்பது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவரிடம் இருக்கும் ஒரு மரபணு மாற்றம், இந்த வகை மருந்தின் ஒரு டோஸிலேயே செவித்திறனை நிரந்தரமாகப் போக்கிவிடக்கூடும். அந்த மாற்றம் தாய்வழியில் மட்டுமே இறங்குகிறது. அதாவது தாய்மாமன், சித்தி, பாட்டி எனத் தாய்வீட்டுப் பக்கம் ‘ஊசி போட்டபிறகு காது போச்சு’ என்று ஒரு பேச்சு இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர், லிவர்பூல் மருத்துவமனைகளில் 751 பச்சிளங்குழந்தைகளிடம், கட்டிலருகிலேயே 26 நிமிடங்களில் முடிவு சொல்லும் சோதனையை நடத்திப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். மாற்றம் இருப்பது தெரிந்த குழந்தைகளுக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. தொற்றுக்கான முதல் டோஸ் தாமதமாகவில்லை. நம் மருத்துவமனைகளுக்கு அந்தக் கருவி என்று வருமோ தெரியாது. ஆனால் ‘அம்மா வீட்டுப் பக்கம் யாருக்காவது காது கேட்காமல் போனதுண்டா?’ என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பெற்றோரைக் கேள்வி கேட்க விடுவதைவிட, அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்பது இன்னும் பெரிய பாதுகாப்பு.

மூன்றாவது, பிழை. பத்துக்குப் பதில் நூறு, ரத்தக்குழாயில் போக வேண்டியது முதுகுத்தண்டில் போவது, பக்கத்துக் கட்டில் குழந்தையின் மருந்து. குழந்தைகளுக்கு ஒவ்வொரு டோஸையும் எடை பார்த்துக் கணக்கிட வேண்டியிருப்பதால் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பத்து மடங்கு ஆகிவிடும். 2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் பேர்பெற்ற மருத்துவமனை ஒன்றில் நடிகர் டென்னிஸ் குவெய்டின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு வீரியமான ஹெப்பரின் செலுத்தப்பட்டது. குழந்தைகள் பிழைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு இண்டியானாபொலிஸில் இதே பிழையால் மூன்று குழந்தைகள் இறந்திருந்தன. பணமும் புகழும் நல்ல மருத்துவமனையும் இதிலிருந்து காப்பதில்லை. கட்டிலருகே இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்திருப்பவர் பெற்றோர் மட்டுமே. டியூட்டி மாறும்போது மருத்துவரும் நர்ஸும் மாறுகிறார்கள், தாய் மாறுவதில்லை. நேற்று மஞ்சளாக இருந்த மருந்து இன்று ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அவளால்தான் கேட்க முடியும்.

அப்படிக் கேட்டும் பயனில்லாமல் நேர்ந்த ஒரு மரணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ், உலகின் முதல்தர மருத்துவமனைகளில் ஒன்று. 2001 ஜனவரி இறுதியில் அங்கே ஜோசி கிங் என்ற பதினெட்டு மாதக் குழந்தை, வெந்நீரில் பட்ட தீக்காயத்தோடு சேர்க்கப்பட்டாள். தேறினாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே மாற்றப்பட்டாள். வீட்டுக்கு அழைத்துப் போகும் நாள் நெருங்கிய நேரத்தில், தண்ணீரைக் கண்டாலே குழந்தை கதறுவதைத் தாய் சோரல் கிங் கவனித்தார். குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. குளிப்பாட்டும்போது ஈரத்துணியைக் குழந்தை வெறியோடு உறிஞ்சியது. தாய் கவலையைச் சொன்னபோதெல்லாம், அளவீடுகள் சரியாக இருக்கின்றன என்றே பதில் வந்தது. மறுநாள் காலை குழந்தை துவண்டு கிடந்தாள். போதை வகை வலி மருந்தின் விளைவை முறிக்கும் ஊசி போட்டதும் தெளிந்தாள், பழச்சாறை மளமளவென்று குடித்தாள். இனி அந்த வகை மருந்தே தர வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவிடப்பட்டது. பகல் ஒரு மணிக்கு ஒரு நர்ஸ் மெத்தடோன் சிரிஞ்சோடு வந்தார். வேண்டாம் என்று உத்தரவு இருக்கிறதே என்று தாய் தடுத்தார். உத்தரவு மாறிவிட்டது என்று சொல்லி நர்ஸ் மருந்தைக் கொடுத்தார். சற்று நேரத்தில் குழந்தையின் இதயம் நின்றது. பிப்ரவரி 22ஆம் தேதி உயிர் பிரிந்தது. நீர்ச்சத்து இழப்பும் தவறாகத் தரப்பட்ட மருந்தும் சேர்ந்து செய்த வேலை.

இதில் கொடியவர் யாரும் இல்லை. மருந்து தவறானதல்ல, அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில்தான் தவறு. ஒரு மருத்துவர் சொன்னது இன்னொருவரிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் தொடர்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அந்த அமைப்பில் எந்த எடையும் இல்லை. நர்ஸ் ஐந்து நிமிடம் நின்று, உத்தரவை மாற்றியவரை அழைத்து, தாய் சொல்வதையும் சொல்லியிருந்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கட்டாயமாக்கும் விதி அன்று இல்லை.

இன்னொரு நிகழ்வில் முரண் இன்னும் ஆழமானது. அங்கே மருத்துவர்களும் தாயும் ஒரே குழந்தையைப் பார்த்து நேர் எதிரான முடிவுக்கு வந்தார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில், கடுமையான உடல், மனவளர்ச்சிக் குறைபாடுகள் கொண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1998இல் மூச்சுத்திணறலோடு பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அக்டோபர் 20ஆம் தேதி, அவன் இறந்துகொண்டிருக்கிறான், வேதனை தெரியாமல் இருக்க டையமார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள். டையமார்ஃபின் வலியைத் தணிக்கும், மூச்சையும் மட்டுப்படுத்தும். அவன் சாகவில்லை, இந்த மருந்துதான் அவன் தேறும் வாய்ப்பைக் கெடுக்கும் என்றார் தாய். பேச்சுவார்த்தையில் காவலர் ஒருவரும் இருந்தார். அன்று மாலை ஏழு மணிக்குத் தாயின் எதிர்ப்பை மீறி மருந்து ஏறத் தொடங்கியது. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற குறிப்பும் தாய்க்குத் தெரியாமலேயே கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது. மறுநாள் பையனின் நிலை மோசமாவதைக் கண்ட உறவினர்கள் கொதித்தார்கள். வார்டில் கைகலப்பு மூண்டு மருத்துவர்களும் காவலர்களும் காயமடைந்தார்கள். சிறுவனோ அன்றே வீடு திரும்பும் அளவுக்குத் தேறினான்.

உறவினர் சிலர் தாக்குதலுக்காகச் சிறை சென்றார்கள். மருத்துவர்கள் மீது குற்றவழக்கு தொடரப்படவில்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் தாய்க்கு நிவாரணம் கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004 மார்ச் 9ஆம் தேதி, கிளாஸ் எதிர் ஐக்கிய இராச்சியம் என்ற வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தாயின் எதிர்ப்பு தெளிவாக இருந்தது. அதை மீற வேண்டுமென்றால் மருத்துவமனை முன்கூட்டியே உயர் நீதிமன்றத்தை அணுகியிருக்க வேண்டும். அணுகாமல் மருந்து கொடுத்தது சிறுவனின் உடல்மீதான உரிமையை மீறியது என்றது. காவலரை வரவழைக்க நேரம் இருந்த மருத்துவமனைக்கு நீதிமன்றத்தை அணுகுவதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லாமல் போனதையும் நீதிபதிகள் சுட்டினார்கள்.

மருத்துவர்களின் கணிப்பு நேர்மையற்றது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தாயின் கணிப்புதான் எப்போதும் சரி என்றும் சொல்லவில்லை. இருவருக்கும் இடையே உண்மையான முரண் எழும்போது இருவரில் ஒருவரே நீதிபதியாகிவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நான் அறிந்தவரை இந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்ததில்லை.

பெற்றோர் தவறும் இடங்களையும் மறைக்கக் கூடாது. 2009இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் கண்ட பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு, முதல் சுற்று மருந்தின் பக்கவிளைவைக் கண்டபிறகு மீதியைக் குடும்பம் மறுத்தது. முறையான சிகிச்சையில் பெரும்பாலான குழந்தைகள் குணமாகும் நோய் அது. நீதிமன்றம் சிகிச்சைக்கு உத்தரவிட்டது. தாய் மகனோடு தலைமறைவாகி, சில நாட்களில் திரும்பி வந்தார். சிகிச்சை முடிந்து பையன் பிழைத்தான். மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசும் இடத்தில், மறுத்தால் மரணம் உறுதி என்ற நிலையில், பெற்றோரின் விருப்பம் குழந்தையின் உயிருக்கு மேலானதல்ல. குழந்தை பெற்றோரின் உடைமை அல்ல. மருத்துவமனையின் உடைமையும் அல்ல. தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்றாம் வழி பெற்றோரைக் காப்பாற்ற மட்டும் இல்லை, பெற்றோரிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது. மினசோட்டாவில் நடந்ததும் போர்ட்ஸ்மத்தில் நடந்திருக்க வேண்டியதும் ஒன்றுதான்.

நம் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. அவசரத்தில் சம்மதம் பெற நேரமில்லாதபோது மருத்துவரைக் காக்க இன்னொரு பிரிவு இருக்கிறது. விபத்தில் சிக்கிய குழந்தைக்கு, காப்பாளரைத் தேட நேரமில்லாமல் அறுவை செய்யும் மருத்துவர்தான் அந்தப் பிரிவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த எடுத்துக்காட்டு. காப்பாளர் பக்கத்திலேயே நின்று ‘வேண்டாம்’ என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அங்கே எடுத்துக்காட்டு இல்லை. உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது ஏட்டளவில் உண்மை. தருமபுரியிலிருந்து மகளை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த கூலித் தொழிலாளி இரவு எட்டு மணி டோஸுக்கு முன் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சம்மதம் உண்மையானதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் எந்த ஆபத்தைச் சொல்வது என்பதற்கு, நோயாளி எதை அறிய விரும்புவார் என்பதைவிட, பொறுப்பான மருத்துவர்கள் வழக்கமாக எதைச் சொல்வார்கள் என்ற அன்றைய ஆங்கிலேய அளவுகோலையே ஏற்றது. அரிதான, தொலைவான ஆபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2015இல், மாண்ட்கோமரி வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே அந்த அளவுகோலைக் கைவிட்டது. நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமென்று கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது இன்று அங்கே விதி. கொடுத்தவரே விட்டுவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளிகள் உரிமைப் பட்டியலை மத்திய அரசு 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. தகவல் பெறும் உரிமை, இரண்டாம் கருத்துக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. இரண்டாம் கருத்தை யார், எத்தனை மணி நேரத்துக்குள், யார் செலவில் தர வேண்டும், அதுவரை மருந்து நிற்குமா என்பதற்கெல்லாம் அதிலிருந்து வார்டு அளவில் நடைமுறை எதுவும் முளைக்கவில்லை.

மற்ற நாடுகளில் முளைத்தது. ஜோசியின் பெற்றோர் இழப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் துணையோடு 2005இல் பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் குடும்பமே ஒரு தொலைபேசி அழைப்பில் அவசரக் குழுவைக் கட்டிலுக்கு வரவழைக்கும் முறை தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், 2007இல் நோய் சரியாகக் கண்டறியப்படாமல் இறந்த ரயன் என்ற சிறுவனின் பெயரால் 2013இல் ஒரு விதி வந்தது. முதலில் கவனிக்கும் நர்ஸிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும், பிறகு பொறுப்பு நர்ஸிடம், அப்போதும் கவலை தீராவிட்டால் ஒரு பொது எண்ணுக்கு அழைத்தால் வேறொரு மருத்துவரோ நர்ஸோ வந்து பார்ப்பார். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி 2021இல் லண்டன் மருத்துவமனையில் ரத்த நச்சுத்தொற்றால் இறந்தாள். பெற்றோர் பலமுறை எச்சரித்திருந்தார்கள். உரிய நேரத்தில் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்பது மரண விசாரணையின் முடிவு. பத்திரிகையாளரான தாய் மெரோப்பி மில்ஸ் விடாமல் எழுதியதன் பயனாக 2024இல் 143 மருத்துவமனைகளில் மார்த்தா விதி தொடங்கப்பட்டது. எந்த நேரத்திலும் வேறொரு மருத்துவக் குழுவின் பார்வையைக் கோரும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அதோடு, குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் குடும்பத்திடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியது ஊழியர்களின் கடமை. இவை மருந்துச் சண்டைக்கென்று எழுதப்பட்டவை அல்ல. குழந்தையின் நிலை மோசமாவதைச் சொல்லும் குரலுக்காக எழுதப்பட்டவை. ஆனால் வார்டில் அந்த இரண்டும் பிரிந்து வருவதில்லை என்பதை ஜோசியின் தாய் அறிவார்.

இவையெல்லாம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்ற பதில் இங்கே உடனே வரும். ஒரு டியூட்டி டாக்டர் ஐம்பது, அறுபது குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் ஒவ்வொரு மருந்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பார்கள். அந்த இளம் மருத்துவர்களின் களைப்பு உண்மையானது. அவர்களைத் தாக்குவது எந்த நிலையிலும் நியாயமாகாது. மருத்துவப் பணியாளர்களைக் காக்கத் தமிழ்நாடு 2008இலேயே தனிச் சட்டம் இயற்றியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் வார்டில் கை ஓங்கப்படும் நாளுக்கு முன்னால், பதில் கிடைக்காத நாட்கள் சில இருந்திருக்கும். போர்ட்ஸ்மத்திலும் அப்படித்தான் நடந்தது. முறையிட வழி இருக்கும் இடத்தில் சட்டைக்காலரைப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். அந்த வகையில் இந்த வழி மருத்துவருக்கும் காப்பு.

செய்யக்கூடியவை செலவு மிகுந்தவையும் அல்ல. 2008 முதல் நம் கல்லூரிகள் ஆறாண்டு மருந்தியல் முனைவர் படிப்பில் ஆயிரக்கணக்கானோரைத் தயார் செய்கின்றன. வார்டில் நின்று டோஸைச் சரிபார்க்கவும் மருந்தை நோயாளிக்கு விளக்கவும் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். பெரும்பாலான அரசு வார்டுகளில் அவர்களுக்கு இடமே இல்லை. கல்லூரி மருத்துவமனைகளில் ஒரே துறைக்குள் இரண்டு, மூன்று யூனிட்டுகள் இருக்கின்றன. ஒரு யூனிட்டின் மருந்தைப் பற்றி முரண் எழுந்தால் அடுத்த யூனிட் தலைவர் அன்றைக்கே வந்து பார்த்துக் கருத்தை எழுதலாம். உயிர் காக்கும் அவசர மருந்துகளை இதிலிருந்து விலக்கி வைக்கலாம். மற்றவற்றில், பெற்றோர் தடுத்தால் அந்த டோஸ் நிற்கும், தடுத்த காரணம் அவர்கள் சொன்ன சொற்களிலேயே கேஸ் ஷீட்டில் ஏறும் என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

மருந்தால் பாதிப்பு நேர்ந்தபின் தெரிவிக்க நமக்கு ஓர் ஏற்பாடு உண்டு. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே புகார் சொல்லலாம். அந்த எண் எந்தக் குழந்தைகள் வார்டின் சுவரிலும் பெரிதாக எழுதப்பட்டிருப்பதை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, என்ன மருந்து ஏறுகிறது என்று பெற்றோருக்குத் தெரிவது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். வீடு திரும்பியவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போடப்படும் குழந்தைக்கு 72 மணி நேரத்தில் ஒன்பது டோஸ் ஏறிவிடும். குழந்தை வார்டில் இருக்கும்போது, கேஸ் ஷீட்டின் மருந்துப் பக்கத்தை மட்டுமாவது, பெற்றோர் கேட்ட அன்றைக்கே, அடுத்த டோஸுக்கு முன், தமிழில் விளக்கிக் காட்ட வேண்டும் என்று அந்த விதி திருத்தப்பட வேண்டும்.